பேரரசர் முகத்தில் இல்லாமல்போன வெட்டு

பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. வயது நாற்பத்து மூன்று. அருங்காட்சியகத்தில் பழைய உலோகப் பொருட்களைச் சுத்தம் செய்து பாதுகாக்கும் வேலையில் பதினாறு வருடமாக இருக்கிறேன்.

நான் திருடியதாகச் சொல்லப்படுவது ஒரு ரோமானிய வெள்ளிக்காசு. ஒரு பக்கம் இலைக்கிரீடம் சூடிய பேரரசரின் தலை, மறுபக்கம் கையில் கிளையோடு நாற்காலியில் உட்கார்ந்த பெண். உள்ளே வெள்ளியா செம்பா என்று பார்க்க அந்தக் காலத்து வியாபாரி யாரோ உளியை வைத்து நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே வெட்டாக வெட்டியிருக்கிறார். பேரரசர் என்றெல்லாம் அவர் பயப்படவில்லை.

சென்ற மாதம் அருங்காட்சியகப் பொறுப்பில் இருக்கும் காப்பாட்சியர் என்னைக் கூப்பிட்டு, "மூஞ்சியில வெட்டோட கண்காட்சி போஸ்டர் அடிச்சா யாரும்மா டிக்கெட் வாங்குவா? படம் எடுக்கிற வரைக்கும் மறைச்சு விடு" என்றார். எழுதித் தரச் சொன்னேன். "இதுக்கெல்லாமா காகிதம்?" என்றார். அதன்பின் மெழுகில் வெள்ளித்தூள் குழைத்து வெட்டை நிரப்பினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அந்தப் பெருமைதான் எனக்கே வினையாயிற்று. படம் எடுத்த மறுநாள் மெழுகை எடுத்திருக்க வேண்டும். மகளுக்குக் காய்ச்சல், மூன்று நாள் விடுப்பில் இருந்தேன்.

அதன்பின் தணிக்கைக்கு வந்தவர்கள், பதிவேட்டில் உள்ள வெட்டு காசில் இல்லையே என்றார்கள். காப்பாட்சியர் என் முகத்தைப் பார்க்காமல், "இது போலி, அசலை மாத்திட்டாங்க" என்றார். நீங்கள் சொல்லித்தானே மெழுகால் மறைத்தேன், எடையும் சரியாக இருக்கிறதே என்றேன். நான் அப்படிச் சொல்லவேயில்லை, கைதேர்ந்தவளுக்கு எடை ஒரு பொருட்டா என்றார்.

அதன்பின் போலீசார் வீட்டைச் சோதித்து மாவு டப்பா வரை கவிழ்த்தார்கள். கணவர் என்னைத் தனியே அழைத்து, "எங்க வச்சிருக்கேன்னு சொல்லிடும்மா, குடுத்துட்டு வந்துடலாம்" என்றார். அங்கேதான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

வெந்நீரில் போட்டால் மெழுகு உருகி வெட்டு தெரிந்துவிடும் என்று காவல் ஆய்வாளரிடம் மூன்று முறை சொன்னேன். முத்திரை வைத்த சான்றுப்பொருளைத் தொடக்கூடாது, தொட்டால் அது இன்னொரு வழக்கு, நிபுணர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். யார் நிபுணர் என்று கேட்டேன். ஊரில் அந்தக் காப்பாட்சியர் ஒருவர்தானாம்.

காசு உள்ள உறை இதே மேசையில் இருக்கிறது. எனக்கு வாங்கிக் கொடுத்த டீ அதற்கு ஒரு சாண் தள்ளி ஆவி பறக்க இருந்தது. நான் சொல்வதை இவர்கள் எழுதி முடிப்பதற்குள் ஆறிவிட்டது.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டவில்லை. அத்தனையும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.