காய்ந்த தொட்டியில் ஏறிய அளவு

மழை விட்ட சாயங்காலம். ஆறரை மணி இருக்கும். சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு மண்சாலை... இரண்டு பக்கமும் கருவேலம், ஒரு விளக்கு கிடையாது. அதில்தான் தனியாக வண்டியில் போய்க்கொண்டிருந்தான் பாஸ்கரன். என்னோடு வேலை பார்க்கிற ராஜகுமாரியின் சொந்த அண்ணன்.

கம்பெனிகளில் மோட்டாருக்கும் தொட்டிக்கும் சிம் போட்ட பெட்டி ஒன்றைப் பொருத்துவது அவன் வேலை. அங்கே நடப்பதை அந்தப் பெட்டி அம்பத்தூர் ஆபீசுக்குச் சொல்லும். ஆபீசில் கவிப்பிரியா என்ற பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தொட்டி நிறைந்தால், அதை இறைத்து வெளியேற்ற, இருந்த இடத்திலிருந்தே மோட்டாரைப் போடுவாள்.

சாலைக் கோடியில் மூடிக் கிடந்த ஒரு சாயப்பட்டறை. புது முதலாளி அப்போதுதான் வாங்கியிருந்தார். கழிவுநீர்த் தொட்டி காலி. ஆனால் விளக்கு வைக்கிற நேரமானால், அது நிறைவதாகத் திரை காட்டியது. அதை நம்பி மோட்டாரைப் போட்டதில், தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடி, இரண்டு மோட்டார்கள் கருகிவிட்டன. இன்னொன்று போனால் வேலைக்கு வரவேண்டாம் என்று பாஸ்கரனிடம் சொல்லிவிட்டார்கள்.

வாசலில் காவல்காரர் சின்னப்பையன் தடுத்தார்.

"அந்த மூடிய மட்டும் தொறக்காத நைனா."

"இன்னா கீது உள்ள?"

"வெற்றிச்செல்வன்னு ஒர்த்தன்... கழுவ எறங்குனான். வெசவாயு. பாதி ஏணி ஏறிட்டான்பா... கை குட்த்து தூக்க மேல ஒர்த்தனும் இல்ல."

சொல்லிவிட்டு அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். கூட வரவில்லை.

பாஸ்கரன் வண்டியை உள்ளே நிறுத்திவிட்டுப் போய் மூடியை நகர்த்தினான். அழுகிய முட்டை வாடை குப்பென்று அடித்தது. டார்ச் அடித்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த சேறு... சுவரோரம் துருப்பிடித்த இரும்பு ஏணி... அவ்வளவுதான்.

மூடிக்குப் பக்கத்தில் கீழே பார்த்தபடி அளவுக் கருவி. அடியில் எது இருந்தாலும், எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்று அளக்கும். அது தண்ணீரா, வேறு ஏதாவதா என்று அதற்குத் தெரியாது.

கவிப்பிரியாவுக்குப் போன் போட்டான்.

"தொட்டி காஞ்சி போய் கீதும்மா. அங்க இன்னா காட்டுது?"

"ரெண்டடிண்ணா."

டங்...

"மூணடி..."

டங்...

ஏணியில் வெளிச்சத்தை அடித்தான். யாருமில்லை. துரு மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது... ஒவ்வொரு படியாக... மேலே... மேலே...

"அண்ணா, ஏழடி. மோட்டாரப் போடட்டுமா?"

"வாணாம்மா! போடாத!"

டங்.

"ஃபுல் காட்டுது... அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

அவன் மணிக்கட்டைச் சில்லென்று ஏதோ தொட்டது. ஈரமாக... பிடிமானம் தேடுகிற மாதிரி.

கையை உதறிக்கொண்டு ஓடினான். மூடியைப் போடவில்லை. வண்டியை எப்படிக் கிளப்பினான் என்று அவனுக்கே தெரியாது. குமணன்சாவடி வெளிச்சத்துக்கு வந்துதான் நிறுத்தினான். போன் அடித்தது.

"என்ன பண்ணீங்கண்ணா? சரியாயிடுச்சு. ஜீரோ காட்டுது."

அன்றிலிருந்து அந்தத் தொட்டி ஜீரோதான். ஒரு நாளும் ஏறவில்லை.

விடிந்ததும் சின்னப்பையன் மூடியைப் போடப் போனார். ஈர மண்ணில் வெறுங்கால் தடங்கள், கறுப்புச் சேற்றோடு... தொட்டியிலிருந்து வெளியே வந்திருந்தன. திரும்பிப் போகவில்லை. வாசலைத் தாண்டியும் போகவில்லை.

பாஸ்கரன் வண்டி நின்ற இடத்தோடு முடிந்திருந்தன.