என் மருமகள் இருந்த இத்தா

முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் றிஃப்னா தாக்கல் செய்துள்ள பஸஹ் வழக்கில், அதாவது மனைவி கேட்கும் விவாகரத்து வழக்கில், மனுதாரர் தரப்பு முதலாம் சாட்சி கூற, எழுதுவினைஞர் எழுதியது.

பெயர்: ஹயாத்து முகம்மது ஜெய்னம்பு. வயது: எழுபத்து நான்கு. காலஞ்சென்ற அலியாரின் மனைவி. வதிவிடம்: பள்ளிவாசல் பின்வீதி, கற்பிட்டி. தொழில்: சொந்தக் காணியில் வெங்காயம் செய்விக்கிறேன். மனுதாரர் றிஃப்னா என் மருமகள். பிரதிவாதி ஸப்ரான் என் ஒரே மகன்.

முதலில் ஒரு விடயத்தைத் திருத்த வேண்டும். மருமகளின் வீட்டார் என்னை வேனில் ஏற்றிக் கூட்டிவந்து மகனுக்கு எதிராகப் பேச வைப்பதாகவும், எனக்குப் புத்தி தடுமாறிவிட்டதாகவும் கற்பிட்டிக் கடைத்தெருவில் கதைக்கிறார்கள். நான் இன்று காலை தனியாகப் புத்தளம் பஸ்ஸில் வந்தேன். டிக்கற் என் கைப்பையில் இருக்கிறது. கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவளுக்கு மார்க்கம் தெரியாது என்றும் சொல்கிறார்கள். குர்ஆனை முழுவதும் ஓதி முடித்த பின்னரே என் வாப்பா என்னை அந்தப் பாடசாலைக்கு அனுப்பினார். அங்கே ஆங்கிலம் கற்பித்த இசபெல் சிஸ்டர், கண்டதைச் சொல், காணாததைச் சொல்லாதே என்பார். இன்றும் அப்படியே சொல்கிறேன்.

என் மகன் கருவாட்டு வியாபாரம் செய்கிறார். சொந்த லொறி உண்டு. எங்கள் வழக்கப்படி விவாகத்தின் பின்னர் பெண்ணின் வீட்டுக்குச் சென்று குடியிருந்தார். அந்த வீடு றிஃப்னாவின் பெயரில் உள்ளது. என் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை. பிள்ளைகள் இல்லை. கடந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த பின்னர் வியாபாரத்துக்கென்று சிலாபத்துக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அங்கே வேறு குடும்பம் வைத்திருப்பதாகக் கேள்வி. அதை நான் காணவில்லை; ஆகையால் சொல்லமாட்டேன்.

அதன் பின்னர் ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழும்பிய நேரத்தில் றிஃப்னா செருப்பில்லாமல் என் வீட்டுக்கு வந்தாள். கையில் போன் இருந்தது. "மாமி, இதை ஒருக்காக் கேளுங்க. எனக்குச் சரியாத்தான் கேக்குதா எண்டு சொல்லுங்க" என்றாள். என் மகன் குரலில் பேசி அனுப்பிய பதிவு அது. றிஃப்னாவின் பெயரைச் சொல்லி மூன்று முறை தலாக் சொன்னார். பின்னால் லொறி ஹோர்ன் சத்தம் கேட்டது. நான் அதை இரண்டாம் தடவையும் போடச் செய்து கேட்டேன். முற்றத்தில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கமறியாவும் கேட்டார். அவர் அரிவாள்மணையை மடக்கிவிட்டு எழும்பிப் போய் றிஃப்னாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அடுத்த நாள் காலை அந்தப் பதிவு அனுப்பியவராலேயே அழிக்கப்பட்டிருந்தது.

அதன் பின்னர் றிஃப்னா இத்தா இருந்தாள். விலக்கப்பட்ட பெண் அந்நிய ஆண்கள் முன் வராமல் வீட்டோடு இருக்க வேண்டிய ஏறத்தாழ மூன்று மாத காலம் அது. இருக்கச் சொன்னது நான். முன் மண்டபத்தை மறைத்துத் திரை கட்டியதும் நான். என் அலுமாரியில் இருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு இரண்டைச் சேர்த்துத் தைத்தேன். இத்தா முடியும் வரை அவளுக்குத் துணையாக அந்த வீட்டிலேயே தங்கினேன். அவள் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். போக முடியாததால் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அவள் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்காகக் கடதாசியில் வெட்டி வைத்திருந்த மீன்களை மாத்திரம் ஒரு பிஸ்கற் பேணியில் போட்டு மூடி வைத்தாள்.

இத்தா முடிந்ததும் அவளைக் குளிக்கச் செய்து, பெண்களைக் கூப்பிட்டுச் சோறு கொடுத்தோம். அதன் பின்னர் விவாகரத்துச் சான்றிதழ் எடுப்பதற்காக நாங்கள் இருவரும் இதே அலுவலகத்துக்கு வந்தோம். எழுதுவினைஞர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உங்கட பேர்ல தலாக் ஒண்டும் பதியல்லியே. நீங்க இன்னும் அவர்ட பொஞ்சாதிதான்" என்றார். தலாக் சொல்ல விரும்பும் கணவர் முதலில் காதியாருக்கு அறிவிக்க வேண்டும், காதியார் இருவரையும் அழைத்துச் சேர்த்து வைக்கப் பார்ப்பார், அது சரிவராவிட்டால்தான் காதியார் முன்னிலையில் சாட்சிகளோடு சொல்லிப் பதிய வேண்டும் என்று விளக்கினார்.

"அப்ப இந்தப் புள்ள இருந்த இத்தா?" என்று கேட்டேன்.

"அதை அல்லாஹ்ட்டத்தான் கேக்கணும் உம்மா. என்ட கையில இந்தப் புத்தகம் மட்டும்தான் இரிக்கி" என்றார்.

அவர் மரியாதையாகவே சொன்னார். தேத்தண்ணியும் எடுப்பித்தார். நான் குடிக்கவில்லை.

அதன் பின்னர் அவர் சொன்ன முறைப்படி றிஃப்னா பஸஹ் மனுவைத் தானே எழுதிக் கொடுத்தாள். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி நின்று பேச முடியாது என்பதையும், மனைவி சொல்வதை ஒப்புறுதிப்படுத்தச் சாட்சிகள் வேண்டும் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். என் மகனுக்கு அழைப்பாணை போனது. அவர் முதல் தவணைக்கு வந்து, தான் தலாக் சொல்லவே இல்லை என்றும், வீட்டுக்குத் தேடிப் போன தன்னை மனைவி திரை கட்டி மறைத்து வாசலோடு திருப்பி அனுப்பினார் என்றும், ஆகவே விலகி நின்றவர் மனைவிதான் என்றும் சொன்னதாக அறிகிறேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் என் மகன் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

"உம்மா, நீங்க வயசு போன மனுசி. ஞாபகம் இல்ல எண்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், காதியார் விட்டுருவார்."

"நீ பாரை மீன்ல வால் துண்டுதான் தின்னுவாய் எண்டது எனக்கு ஞாபகம் இரிக்கே. அதைத் திண்டுட்டுக் கதை."

"பெத்த மகனுக்கு மாறா கோட்டுப் படி ஏறுற உம்மா கற்பிட்டியிலயே நீங்க ஒராள்தான்."

"பஸ்ஸுல எடம் இரிக்கும். வாறெண்டா நீயும் வா."

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் போனார்.

இப்போது திரை பற்றிய உண்மையைச் சொல்கிறேன். இத்தாக் காலத்தில் என் மகன் ஒருமுறை அந்த வீட்டுக்கு வந்தது சரி. முற்பகல் நேரம். அவரை உள்ளே விடாதது றிஃப்னா அல்ல, நான். அவள் உள்ளறையில் இருந்தாள். அவள் சத்தம்கூட வெளியே வரவில்லை. அன்று எங்களுக்கு உதவியாக வந்திருந்த கமறியா கிணற்றடியில் நின்றார். நான் திரைக்கு உட்புறம் நின்று, "அவ இத்தா இரிக்கா. நீ வரப்படாது" என்றேன். தலாக் சொல்லாத மனிதர் என்றால், என்ன இத்தா, யாருடைய இத்தா என்று கேட்டிருப்பார். அவர் அப்படிக் கேட்கவில்லை. லொறிப் பத்திரங்கள் அலுமாரியில் இருக்கின்றன, எடுத்துத் தாருங்கள் என்றார். நான் எடுத்துத் திரைக்குக் கீழால் நீட்டினேன். அவற்றை வாங்கிக்கொண்டு, "இத்தா முடிய இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு உம்மா?" என்று கேட்டார். நான் சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

(இவ்விடத்தில் பிரதிவாதி எழும்பி, "உம்மா, போதும்" என்றார். சாட்சி, "இரு மகன், இன்னும் முடியல்ல" என்றார். காதியார் பிரதிவாதியை அமரச் சொன்னார்.)

ஆகவே அந்தத் திரையை றிஃப்னாவின் மேல் குற்றமாக எழுத வேண்டாம். அது என் விரிப்பு, என் தையல். அதில் பிழை இருந்தால் என்னைக் கேளுங்கள். அவர் சிலாபத்துக்குப் போனதன் பின்னர் இன்று வரை அந்த வீட்டுக்கு ஒரு கொத்து அரிசியும் அனுப்பவில்லை. இது நான் அந்த வீட்டில் தங்கியிருந்தும், மற்ற நாட்களில் போய்வந்தும் கண்டது.

பிரதிவாதி மேல் ஏதும் கோபம் உண்டா என்று காதியாரோடு அமர்ந்திருக்கும் மத்தியஸ்தர் ஒருவர் கேட்டதற்குச் சொல்கிறேன்: அவர் என் மகன். இன்று பகலுக்கும் அவருக்குச் சோறு மூடி வைத்துவிட்டுத்தான் வந்தேன். இருவரையும் சேர்த்து வைக்க முடியுமா என்று கேட்டதற்குச் சொல்கிறேன்: அதை றிஃப்னாவிடம் கேட்க வேண்டும். இதுவரை அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவர் விலக்கினார், நான் உள்ளே இருத்தினேன், இப்போது அவள் இன்னும் அவருடைய மனைவிதான் என்கிறார்கள். இந்த மனு தள்ளப்பட்டால் அவள் யாருக்கும் மனைவியாக இல்லாமலே ஒருவருக்கு மனைவியாக இருக்க வேண்டும்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதன் பின்னர் நானும் கண்ணாடி போட்டு ஒருமுறை வாசித்தேன். இதில் உள்ளவை நான் கண்டவையும் கேட்டவையும் மாத்திரமே என்பதற்கு அல்லாஹ் சாட்சி.

(ஒப்பம்) ஹ. மு. ஜெய்னம்பு

ஒப்பத்தின் கீழ் சாட்சி தன் கையால் எழுதியது:

வாயால் சொன்னதை நம்பி ஒருமுறை இத்தா இருந்தாயிற்று. ஆகவே முடிவு எதுவானாலும் ஆள் மூலமோ போன் மூலமோ சொல்லி அனுப்ப வேண்டாம். றிஃப்னாவின் பெயருக்கு, அவளுடைய வீட்டு முகவரிக்கு, எழுத்தில் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.