பாதியில் நின்ற பதினொருவரைத் தேடிப் போனவருக்கு

எழுத்திலும் எண்ணிலும் பிழையறியா ஏற்றமே! எடைபார்க்க வந்த எவரையும் எள்ளாத இனியவரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் இம்மூலிகை ஆய்வகத்தின் முகமாய் விளங்கிய மூத்த செவிலியரே! விடைபெறும் இவ்வேளையில், தங்கள் கதையைத் தங்கள் முன்னிலையிலேயே அவையோர்க்குச் சொல்ல இசைவு தாருங்கள்!

அந்நாளில் எடை அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பச்சைத் திரை, முனகும் மின்விசிறி, குண்டை நகர்த்திப் பார்க்கும் பழைய எடைக்கருவி. வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள், கைக்கடிகாரத்தைக் கழற்றுவார்கள், கடைசியில் மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள். "மூச்சை விடுங்கம்மா, அதுக்கெல்லாம் எடை கிடையாது" என்பார் இவர். அறையே சிரிக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது!

கொழுப்பைக் கரைக்கும் என்று பேரெடுத்த பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையைப் பன்னிரண்டு வாரம் சோதித்த ஆண்டு அது. பாதிப் பேருக்குச் சாறு, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது இவருக்கும் தெரியாது. எட்டாம் வாரத்துக்குள் பதினொருவர் எடைபார்க்க வராமல் நின்றுவிட்டார்கள்.

"விட்டுத் தள்ளுங்க. வந்தவங்களை மட்டும் எழுதினா பலன் பிரமாதமா தெரியும்" என்றார் அன்றைய இயக்குநர்.

"வராதவங்க ஏன் வரலைன்னு தெரியாம எப்படி சார் எழுதறது?"

அப்போது இவர் ஒப்பந்தப் பணியாளர். பணி நிரந்தரப் பட்டியல் அந்த மாதம்தான் வரவிருந்தது. ஆனாலும் மதிய இடைவேளைகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

ஏழாவது வீடு ரொட்டிக்கடைக்காரம்மாவுடையது. "கொஞ்சம் அசதிங்க, சாப்பாடே இறங்கல. நல்லதுதானே, இளைச்சிடுவேன்ல?" என்று சிரித்தவரின் கண்கள் மஞ்சளித்திருந்தன.

"மாத்திரையை நிறுத்துங்க. செருப்பை மாட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

கல்லீரல் வீங்கியிருந்தது. மூன்று வாரம் படுத்து, மீண்டு எழுந்தார் அந்த அம்மா.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே சோதனை நின்றது. யாருக்கு எது என்று எழுதி ஒட்டிவைத்த உறைகளைப் பிரித்தபோது அவருக்குப் போனது தேயிலைச் சாறுதான் என்று தெரிந்தது. பதினொருவரையும் சேர்த்துப் பார்த்தால், சாறு உண்டவருக்கும் மாவு உண்டவருக்கும் எடையில் முக்கால் கிலோகூட வித்தியாசமில்லை. அப்படியே வெளியானது கட்டுரை. நிரந்தரப் பட்டியலில் இவர் பெயர் வரவில்லை. மேலும் இரண்டாண்டு காத்திருந்தார், முகம் கோணாமல். மூலிகையை இவர் பழித்ததுமில்லை. "தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்க" என்பதுதான் எங்களுக்கு இவர் சொன்னது.

அன்புச் சகோதரியே! நோயும் நொடியும் அண்டாமல், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, பல்லாண்டு பொலிக! நாள்தோறும் காலை ஏழு மணிக்கு இவ்வாசலைத் திறந்த தங்கள் சாவிக்கொத்து இன்று எங்கள் மேசைக்கு வந்துவிட்டது. அதைக் கையில் எடுக்க எங்களில் எவருக்கும் இன்னும் மனம் வரவில்லை.

பிரிய மனமில்லாத
ஆய்வகப் பணியாளர்கள்