ஒரு “ஹவ்” வேண்டி

“நக்கோ சாமி, நான் அப்படிச் சொல்லவே இல்லை.”

“சரி, மாத்திட்டேன். மறுபடி படிக்கிறேன், கேளும்.”

“இது நாலாவது தடவை ஐயா! என்னைத் திட்டத்தானே போறீர்? திட்டிட்டுப் போமேன்!”

“திட்டறது நாளைக்கு. நீர் சொன்னது இதுதானான்னு இன்னிக்கே தெரியணும்.”

‘தக்காணத் தூது’ வார இதழின் அரசியல் பக்கத்தை இருபத்தாறு ஆண்டுகள் எழுதி, இன்று விடைபெறும் எங்கள் சாரங்கபாணி சார் அவர்களே! போட்டி இதழின் ஜெகநாதன் அவர்களோடு தாங்கள் தொலைபேசியில் நடத்திய இந்தப் பேச்சை இந்தச் செகந்திராபாத் அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. எதிராளியின் கருத்தை எழுதி, அதை அவரிடமே படித்துக் காட்டி, அவர் வாயால் இந்த ஊர்ப் பேச்சில் “ஹவ்”, அதாவது ‘ஆம்’, வாங்கிய பிறகே மறுப்பு எழுதலாம்; “நக்கோ”, ‘இல்லை’ என்றால் மறுபடி எழுத வேண்டும் என்பது தாங்கள் வகுத்த வழக்கம்.

நாச்சாரம் ஆலைகளை ஊருக்கு வெளியே அனுப்பச் சொல்கிறார் ஜெகநாதன் என்று நினைத்து, அன்று சீறி எழுந்தீர்கள். அவர் சொன்னதோ, புகை கக்கும் மூன்றை மட்டும், அதுவும் தொழிலாளர் வீடுகளோடு சேர்த்து. ஐந்தாம் முறை “ஹவ்” கிடைத்தபோது தங்கள் மறுப்பில் பாதி உதிர்ந்திருந்தது. மீதியை அச்சுக்கு அனுப்பி, அடியில் ஒரு வரி சேர்த்தீர்கள்: “மற்றப் பாதி, இல்லாத ஒருவருக்கு நான் எழுதிய பதில்.” தோற்றவர் முகமா அது? புதிதாய் ஒரு ஊரைக் கண்டுவந்தவர் முகம் அல்லவா! அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்று இன்றும் யோசிக்கிறோம்.

தங்களுக்குப் பாராட்டு மடல் எழுதுகிறோம் என்றதும், “பாராட்டும் ஒருதலை வழக்குதான். ஜெகநாதன் ஹவ் சொல்லட்டும்” என்றீர்கள். எங்கள் உதவி ஆசிரியர் பிந்து முதல் வரைவை அவருக்குப் போனில் படித்துக் காட்டினார்.

“அஞ்சா நெஞ்சரா? எனக்கு போன் போடறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கிற மனுஷன்! எதுக்கு இந்தப் பொய்? எடுத்துடும்மா.”

எடுத்துவிட்டோம். தமிழ்க் கடலும் எழுத்து வேந்தரும் அதே வழியில் போனார்கள். “நேர்மையாளர்” என்ற சொல்லை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, “ஹவ்” என்றார். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

திங்கள் முதல் அந்தப் பக்கம் பிந்துவுடையது. இணையத்தில் பத்து நிமிடத்தில் வருவதை நாம் இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் வாசகர் காத்திருக்க மாட்டார். ஆகவே போன் வழக்கம் இனி வேண்டாம் என்கிறது நிர்வாகம். அவர்கள் கவலை மெய்யானது. இந்த வரிகளுக்கு அவர்களிடமும் “ஹவ்” வாங்கிவிட்டோம். அதன் பிறகே மறுக்கிறோம்: தாங்கள் சென்ற பின்னும் இந்த வழக்கம் இங்கே இருக்கும்.

உப்பல் இல்லத்தில், துணைவியார் தங்கம் அம்மையாரோடு, நோய் அணுகாமல், வாதம் குறையாமல், பல்லாண்டு வாழ்க! வாதத்தில் அம்மையார் வெல்க!

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் தயார்; சுவரில் ஆணியும் அடித்தாயிற்று. ஆனால் வழக்கம் இருக்கும் என்று எழுதிய அந்த வரி எங்களைப் பற்றியது. எங்களை எங்களைவிட அறிந்தவர் தாங்கள். எழுந்து வந்து, மைக்கில் ஒரே ஒரு சொல் சொல்லுங்கள் சார்: ஹவ்வா, நக்கோவா?

காத்திருக்கும்,
‘தக்காணத் தூது’ ஊழியர்கள்