முதல் மடக்கு

அண்ணி: ...கால் இல்லடி இது, கருங்கல்லு. கொஞ்சம் நில்லு. குதிகால்ல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு.

சின்னவள்: இதோ வந்துருச்சு அண்ணி. அந்த முக்கு திரும்பினா அடுத்த பப்.

அண்ணி: போன முக்குலயும் இதையேதான் சொன்ன.

சின்னவள்: போன முக்குல பப் இருந்துச்சா இல்லையா?

அண்ணி: இருந்துச்சு. உட்கார விட்டியா? நாற்காலி சூடாகுறதுக்குள்ள கிளப்பிட்ட. பாதி கிளாஸ் அப்படியே கிடக்கு அங்க.

சின்னவள்: நாம கழுவுற பீப்பாயெல்லாம் எங்கெங்க போகுதுன்னு உங்களுக்கு ஒரு நாள் காட்டணும்னு ஆசை. தப்பா?

அண்ணி: லீவு நாளும் அதுவுமா என்ன ஒரு பாசம்! உங்க அண்ணனுக்குக் கழுத்தை நீட்டின நாள்ல இருந்து எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பியா நீ?

சின்னவள்: அதான் மொத்தமா சேர்த்து பீரா வாங்கித் தர்றேன்.

அண்ணி: வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்... ஏண்டி, புதுச் செருப்பு கடிக்கலையா உனக்கு? இப்படிப் பறக்குற.

சின்னவள்: கடிக்கலை.

அண்ணி: ரத்தம் வருது பாரு பின்னாடி.

சின்னவள்: வரட்டும். நடங்க.

அண்ணி: நடக்கிறேன், நடக்கிறேன். ஒண்ணு சொல்லவா? இந்த பீர் விஷயத்துல நான் இத்தனை நாள் ஏமாந்துட்டேன்டி. பீருன்னா நம்ம ஷெட்டுல தரையில ஓடுமே, புளிச்ச தண்ணி, அதுதான்னு நினைச்சேன்.

சின்னவள்: ம்...

அண்ணி: முதல் கடையில குடுத்தானே வெள்ளையா, கலங்கலா... ஆரஞ்சுத் தோலை நகத்தால கீறின வாசனை. ரெண்டாவது கடையில ஒரு கசப்பு. மாத்திரையை மென்னு தின்ன மாதிரி. ஆனா அந்தக் கறுப்பு இருக்கே, அடேயப்பா! சட்டி அடியில தீய்ஞ்சதைச் சுரண்டித் தின்னா ஒரு ருசி இருக்குமே, அதே.

சின்னவள்: ம்...

அண்ணி: என்ன ம்? நீ ஒண்ணையும் குடிக்கவே இல்ல. அடுத்தவன் கிளாஸ்ல விரலை மட்டும் விட்ட!

சின்னவள்: ஐயோ, அதை விடுங்களேன்.

அண்ணி: எப்படி விடுறது? அந்த மனுஷன் சிவனேன்னு உட்கார்ந்திருக்கான். நீ பாட்டுக்குப் போய் அவன் பீர்ல விரலை முக்கி, பட்டுச்சேலை பார்க்கிற மாதிரி தேய்ச்சுப் பார்க்கிற. அவன் முகம் போன போக்கைப் பார்த்தியா?

சின்னவள்: அது நம்ம கம்பெனி ஆந்தை பீர்னு நினைச்சேன். ஆந்தை பீரோட நுரை எப்படி இருக்குன்னு...

அண்ணி: நுரையை ஏண்டி தேய்க்கணும்?

சின்னவள்: சும்மாதான்.

அண்ணி: சும்மா... சரி. அதுவும் அதிசயமாத்தான் இருக்கு. ஊர் முழுக்க ஆந்தைதான் ஓடுதுன்னு நம்ம சூப்பர்வைசர் மார் தட்டுவாரே. இன்னிக்கு ஒரு கடையிலயும் காணோம். எல்லா இடத்துலயும் ஆந்தைக் குழாய்மேல பேப்பர் கப்பைக் கவுத்து வச்சிருக்கான்.

சின்னவள்: தீர்ந்துபோயிருக்கும்.

அண்ணி: எல்லாக் கடையிலயும், ஒரே நாள்ல?

சின்னவள்: நல்லா விக்குது போல. வாங்க, இதான் கடை. குனிஞ்சு வாங்க, வாசல் தாழ்வா இருக்கு.

அண்ணி: அப்பா... உட்கார்ந்தாச்சு. இனி கிரேன் வச்சுத்தான் என்னைத் தூக்கணும்.

சின்னவள்: தம்பி! ஆந்தை இருக்கா?

கவுன்டர்காரர்: இல்ல... அக்கா.

சின்னவள்: இங்கயும் இல்லையா? பாருங்க, பீப்பாய் கீழ இருக்கும். மஞ்சள் மூடி. காலையில வண்டியில வந்திருக்கும்.

கவுன்டர்காரர்: வேற... எதாவது தரவா?

அண்ணி: கறுப்பு இருந்தா ஒண்ணு குடுங்க தம்பி. என்ன, தொண்டை கட்டிக்கிச்சா? கிணத்துக்குள்ள இருந்து பேசுறீங்க.

கவுன்டர்காரர்: ம்.

அண்ணி: தொண்டை கட்டினவரு ஐஸ் கட்டியை மிட்டாய் மாதிரி சப்பலாமா? உங்க வீட்டுல யாரும் திட்ட மாட்டாங்களா?

சின்னவள்: அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க. தம்பி, ஆந்தை தீர்ந்துபோச்சா, இல்ல இன்னும் மாட்டலையா? அதை மட்டும் சொல்லுங்க.

கவுன்டர்காரர்: தீரலை. நிறுத்திட்டாங்க.

சின்னவள்: நிறுத்திட்டாங்களா? யாரு?

கவுன்டர்காரர்: கம்பெனியில. காலையில... எல்லா பப்புக்கும் போன்.

சின்னவள்: எதுக்கு?

கவுன்டர்காரர்: நீங்க யாரு?

சின்னவள்: நாங்க... நாங்க சும்மா. ஆந்தைன்னா பிடிக்கும். எதுக்குத் தம்பி நிறுத்தினாங்க?

கவுன்டர்காரர்: ஒரு பீப்பாயில காஸ்டிக் இருக்காம். கழுவுற மருந்து. அலசாம... அப்படியே பீரை ரொப்பி அனுப்பிட்டாங்களாம்.

அண்ணி: ஏண்டி கவுன்டர்மேல போய்ச் சாயுற? உட்காரு.

சின்னவள்: எந்த பீப்பாய்னு... தெரிஞ்சுதா தம்பி?

கவுன்டர்காரர்: தெரிஞ்சுது.

சின்னவள்: எங்க? எந்தக் கடையில?

கவுன்டர்காரர்: இங்கதான்.

சின்னவள்: இங்கயா! யாராவது... யாரும் குடிச்சாங்களா? சொல்லுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா?

கவுன்டர்காரர்: அந்த நீள மேசை... அதுல பெரிய கும்பல். ஆபீஸ் ஆளுங்க. எல்லாருக்கும் ஆந்தைதான் ஆர்டர். கிளாஸ் எல்லாம் வரிசையா வச்சாச்சு. ஒருத்தரும் குடிக்கலை.

சின்னவள்: அப்பாடா... அண்ணி, கேட்டீங்களா? ஒருத்தரும் குடிக்கலையாம்! தம்பி, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். ரெண்டு கிளாஸ் குடுங்க, எனக்கும் சேர்த்து. அண்ணி, இனி நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காருங்க...

கவுன்டர்காரர்: நான்தான் குடிச்சேன்.

சின்னவள்: என்ன?

கவுன்டர்காரர்: புது பீப்பாய் மாட்டினா... முதல் மடக்கு கவுன்டர்ல நிக்கிறவன் வாயிலதான். ருசி பார்த்துட்டுத்தான் அடுத்தவங்களுக்கு ஊத்தணும். இங்க அப்படித்தான் பழக்கம். வாயில விட்டேன். போன் அடிச்சுது.

அண்ணி: துப்பிட்டீங்கல்ல?

கவுன்டர்காரர்: துப்பினேன். பாதி உள்ள போயிருச்சு.

அண்ணி: நாக்கைக் காட்டுங்க.

கவுன்டர்காரர்: வேணாம் அக்கா.

அண்ணி: காட்டுங்க தம்பி. அந்த ஐஸைத் துப்பிட்டுக் காட்டுங்க.

கவுன்டர்காரர்: ஆ...

சின்னவள்: ஐயோ... அண்ணி... வெள்ளையா... தோல் தொங்குது அண்ணி...

அண்ணி: இதை வச்சுக்கிட்டா இங்க நின்னு ஊத்திக்கிட்டு இருக்கீங்க? ஆஸ்பத்திரிக்குப் போகலையா?

கவுன்டர்காரர்: முதலாளி வெளியூர். போன்ல சொன்னேன். ஐஸ் வைடான்னாரு. அடுத்த ஷிப்ட் ஆள் வராம கடையை விட்டுப் போனா... அப்புறம் கடைப்பக்கமே வர வேணாம்னாரு.

அண்ணி: நல்ல மனுஷன்!

கவுன்டர்காரர்: எரிச்சல் பரவாயில்ல அக்கா. ஆனா... இப்போ ஒரு எலுமிச்சையைக் கடிச்சுப் பார்த்தேன்.

அண்ணி: சரி?

கவுன்டர்காரர்: புளிக்கலை. கோதுமை பீர், கறுப்பு, பழம் போட்டது... எல்லாத்தையும் வாயில விட்டே சொல்லிடுவேன், எது எந்த பீருன்னு. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். எலுமிச்சை புளிக்கலை அக்கா.

சின்னவள்: சரியாயிடும் தம்பி. ரெண்டு நாள்ல... எல்லாம் சரியாயிடும்.

கவுன்டர்காரர்: யாரோ ஒரு பொம்பளை கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொன்னாங்களாம். பேர் சொல்லலை. கொஞ்சம் முன்னாடி பண்ணியிருக்கலாம். ஆனா அவங்க பண்ணலேன்னா... அந்த மேசை மொத்தமும் காலி.

சின்னவள்: யாரு? யாருக்குத் தெரியும் இது? ஷெட்டுல வேற ஆளே...

அண்ணி: ஆளே?

சின்னவள்: ஒண்ணுமில்ல.

கவுன்டர்காரர்: கழுவுற ஷெட்டுல ஒரே ஒரு பொம்பளைதானாம். நாளைக்கு அவளைக் கூப்பிட்டு விசாரிக்கப் போறாங்க... இருங்க, அந்த மேசையில கூப்பிடுறாங்க. வர்றேன்.

சின்னவள்: அண்ணி, எழுந்திருங்க. போகலாம்.

அண்ணி: கறுப்பு இன்னும் வரலையே.

சின்னவள்: விளையாடாதீங்க. எழுந்திருங்க.

அண்ணி: கம்பெனி கணக்குல ஒரு பொம்பளைதான். நிஜத்துல எத்தனை பேருடி?

சின்னவள்: மெதுவா பேசுங்க.

அண்ணி: மாஸ்க், தொப்பி, பூட்ஸ். உள்ள யாரு இருந்தாலும் சூப்பர்வைசருக்கு ஒண்ணுதான். காலையில நீ, சாயங்காலம் நான். கழிப்பறைக்குள்ள போய் பூட்ஸை மாத்திக்கிறோம். நேத்து மாத்தும்போது என்னடி சொன்ன என்கிட்ட?

சின்னவள்: என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே.

அண்ணி: அதான். ஒண்ணும் சொல்லலை. நமக்குள்ள என்ன ஏற்பாடு? காஸ்டிக் ஊத்தி ஊற வச்சிருக்கிற பீப்பாய் கழுத்துல ஈரத்துணி போடணும். துணி இருந்தா அலசணும். துணி இல்லேன்னா அலசியாச்சு, மஞ்சள் மூடியைப் போடலாம்.

சின்னவள்: துணி போட்டேன் அண்ணி. விழுந்திருக்கும். சத்தியமா போட்டேன்.

அண்ணி: இந்தா.

சின்னவள்: என்ன இது?

அண்ணி: பிரிச்சுப் பாரு.

சின்னவள்: ...இது எப்படி உங்க பையில...

அண்ணி: காலையில துவைக்க எடுத்தேன். உன் பேன்ட் பாக்கெட்டுல இருந்துச்சு. சுருட்டி வச்ச மாதிரியே, சொட்டு ஈரம் படாம.

சின்னவள்: அண்ணி...

அண்ணி: நீ லேட்டா எழுந்து பல் தேய்ச்சுக்கிட்டு இருந்த. அப்பவே தெருவுக்குப் போய் போன் பண்ணிட்டேன்.

சின்னவள்: நீங்களா! காலையிலேயேவா? அப்போ... அப்போ ஏன் என்கூட இவ்வளவு தூரம் நடந்தீங்க? குதிகால் வலிக்குதுன்னு...

அண்ணி: ஒரு கடையிலயாவது நீ வாயைத் திறந்து சொல்லுவேன்னு நடந்தேன். கறுப்பு பீர் குடிச்சா நான் சிரிக்கிறேன், இப்போ சொல்லுவா. ஆரஞ்சு வாசனைன்னு உளறுறேன், இப்போ சொல்லுவா. இந்தக் கடை வாசல் வரைக்கும் வந்தோம். நீ சொல்லலை.

சின்னவள்: சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்னு... காஸ்டிக் கலந்திருந்தா விரல்ல சோப்பு மாதிரி வழுக்கும்ல, அதை வச்சு நானே தேடிப் பிடிச்சு, அந்த பீப்பாயைப் புளிச்சுப்போச்சுன்னு சொல்லிக் கொட்ட வச்சுட்டு...

அண்ணி: நேத்து என்னடி அவ்வளவு அவசரம்?

சின்னவள்: ...செருப்பு.

அண்ணி: என்ன?

சின்னவள்: தள்ளுபடி கடைசி நாள். கடை மூடிடுவான்னு ஓடினேன். துணி கையிலதான் இருந்துச்சு அண்ணி. போடத்தான் எடுத்தேன்... ராத்திரி படுத்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

அண்ணி: செருப்பா...

சின்னவள்: வர்றாரு, வர்றாரு. துணியை எடுங்க. அண்ணி, கையெடுத்துக் கும்பிடுறேன், வீட்டுல போய்ப் பேசிக்கலாம். அவருக்கு எதுவும் தெரியாது.

கவுன்டர்காரர்: இந்தாங்க அக்கா, கறுப்பு... என்ன துணி இது?

சின்னவள்: கைக்குட்டை.

அண்ணி: கைக்குட்டை இல்ல தம்பி, பீப்பாய்த் துணி. இதைப் போடாதது இவ. போடலையேன்னு மஞ்சள் மூடியை அழுத்தி மூடினது நான். போன் பண்ணினதும் நான்தான், பேர் சொல்ல மட்டும் தைரியம் வரலை. இந்தக் கிளாஸ் அப்படியே இருக்கட்டும், கடையைப் பூட்டுங்க, ஆஸ்பத்திரிக்கு நடங்க. உங்க முதலாளி கேட்டா எங்க ரெண்டு பேரையும் கைகாட்டுங்க. உங்களுக்கு நாங்க ஒரு நாக்கு கடன்பட்டிருக்கோம்.