எஸ்ரா முழங்காலிட்ட குற்றம்

(அமெரிக்காவின் ஓஹாயோவில், மின்சாரமும் வீட்டுத் தொலைபேசியும் வேண்டாமென வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் ஊர். நாலு பண்ணைக்கும் பொதுவாக, சோளக்காட்டு ஓரத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு. எஸ்ராவின் மனைவி வெர்னா பேசுகிறாள்.)

ஹலோ... ஆமா, வெர்னாதான்... யாரு, மோஸா? மாட்டு டாக்டர் கூப்பிடுவார்னு நிக்கிறேன், நீங்க வந்து மாட்டுறீங்க... ரெண்டு மைல் தள்ளி இருந்துக்கிட்டு தம்பி பொண்டாட்டிகிட்ட பேச போன் வேணுமா?... ம்... ம்... அழாம பேசுங்க.

என்னது?... இருங்க. திரும்பச் சொல்லுங்க... லாந்தர் இல்லையா?... உங்க சுருட்டா?

அப்போ உங்க கொட்டகை எரிஞ்சது எஸ்ரா விட்டுட்டுப் போன லாந்தரால இல்ல... ஆமா, ஆமா. பிஷப்கிட்ட அப்படிச் சொன்னது யாரு?... சத்தமா சொல்லுங்க... ஆங். நீங்கதான்.

கடவுள் மன்னிச்சிட்டாரா? யார் சொன்னா?... நீங்களேவா?... சோளக்காட்டுல அழுதீங்க... மனசு லேசாச்சு... ரொம்ப சந்தோஷம். ரெண்டு வருஷப் பொய், ஒரே சாயங்காலத்துல தீர்ந்துச்சு.

தாவீது ராஜாவா? அவரை ஏன் இழுக்கிறீங்க? அவர் பாவம் பைபிள்லயே இருக்கு, உலகத்துக்கே தெரியும். உங்களுது சோளத்துக்கு மட்டும்தான் தெரியும்.

இல்ல, நீங்க கேளுங்க. லாந்தரை அணைச்சேன்னு எஸ்ரா ஒரு தடவை சொன்னார். மறுபடி சொன்னா ஆணவம்னுடுவாங்கன்னு வாயை மூடிக்கிட்டார். செய்யாத தப்புக்கு சபை நடுவுல முழங்கால் போட்டார். ஆறு வாரம் சபை விலக்கம். சொந்த வீட்டுல தனி மேசை. அவர் நீட்டுற தட்டை நான் கையால வாங்கக் கூடாது. கீழே வைப்பார், எடுப்பேன். அந்த ஆறு வாரத்துல ஒரு நாள் நீங்க வந்தீங்க. எங்ககூடப் பெரிய மேசையில உக்காந்தீங்க. ஆப்பிள் பை தின்னீங்க. ரெண்டு துண்டு... ஞாபகம் இல்லையா? எனக்கு இருக்கு.

சரி, எதுக்கு இப்போ போன்?... ஓ. ஞாயித்துக்கிழமை... திருவிருந்துக்கு முன்னாடி சபை ஊழியர் டீக்கன் பெஞ்ச் பெஞ்சா கேட்டு வர்றப்போ, 'எல்லார்கிட்டயும் சமாதானம்'னு நான் சொல்லணும். அதானே?... ஆமா, தெரியும். ஒருத்தி 'சமாதானம் இல்ல'ன்னு சொன்னாலும் திருவிருந்து நின்னுடும்.

சபையில எழுந்து நீங்களே சொல்லுங்களேன்... உங்க பொண்டாட்டி தாங்க மாட்டாளா? நான் தாங்கினேனே.

எஸ்ராவா? அவருக்கென்ன?... மன்னிச்சிட்டாரா? எப்போ சொன்னீங்க அவர்கிட்ட?... சொல்லவே இல்லையா? பின்ன?... தீப்பிடிச்ச அன்னிக்கேவா?... சுருட்டோட நீங்க வைக்கோல் பரண்லேர்ந்து இறங்கினதை... அவர் பார்த்தாரா?

தெரிஞ்சேவா முழங்கால் போட்டார்... என்கிட்டகூட சொல்லல.

போதும், நிறுத்துங்க! அவர் மன்னிச்சது அவர் குணம். அதை எடுத்து நீங்க கோட்டு மாதிரி மாட்டிக்கிட்டு என் முன்னாடி வராதீங்க... இல்ல, பிஷப்கிட்ட ரகசியமா இல்ல. சபையில. எஸ்ரா முட்டி போட்ட அதே இடத்துல. லாந்தர் இல்ல, என் சுருட்டுன்னு சொல்லுங்க. இல்லைன்னா, சமாதானம் இல்லைன்னு நான் சொல்வேன்... ஏன்னு கேப்பாங்கதான். 'மோஸைக் கேளுங்க'ன்னு சொல்வேன்... கடவுள் பொறுமையா இருப்பார். நான் இருக்க மாட்டேன்.

எஸ்ராவைக் கூப்பிடணுமா? மாட்டேன். நீங்க ஆரம்பிக்கிறதுக்குள்ள சரின்னுடுவார்... நீங்க அவர்கிட்ட எதுவும் சொல்லவும் வேண்டாம். அவர்கிட்ட நான் பேச வேண்டியது வேற இருக்கு. வைக்கிறேன்.