யாரோ நேர்ந்துகொண்ட மொட்டை

“சீப்பக் கையில எடுத்தாலே எரிச்சலா வருதுப்பா.”

சூளகிரி தாண்டியதும் பஸ் சூடேறி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போயிருந்தார். சீப்பின் மேல் எரிச்சல்பட்டவர் எனக்கு முன் இருக்கையில் இருந்த கறுப்புச் சட்டைக்காரர். தலை நிறையச் சுருட்டை முடி. பக்கத்திலிருந்த சிநேகிதர் சிரித்தார்.

“சிரிக்காத. சாமி இல்லன்னு கூட்டத்துல பேச ஜவளகிரிக்குப் போனனா, காய்ச்சல்ல ரோட்டுலயே உழுந்துட்டன். முன்னபின்ன தெரியாத ஒரு குடியானவரும் சம்சாரமும் ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயி எட்டு நாளு கஞ்சியும் கஷாயமும் ஊத்துனாங்க.”

“நல்லதுதான?”

“கேளு. பொழச்சா முடி எறக்கறன்னு அந்தம்மா என் தலைய மாரியம்மனுக்கு நேர்ந்துடுச்சு. என்னை ஒரு வார்த்த கேக்கல!”

“நீ என்னா சொன்ன?”

“கஷாயத்துல பொழச்சன், மொட்ட போடமாட்டன்னு கத்துனன். ‘சரி சாமி, உன் இஷ்டம்’னுச்சு. சாமியாம், என்னை!”

“அதோட உட்டுச்சா?”

“எங்க உட்டுச்சு? நான் கெளம்பற அன்னிக்குக் கோயிலுக்குப் போயிட்டு முக்காடு போட்டுக்கிட்டு வருது. இடுப்பு வரைக்கும் இருந்த முடிப்பா, மொத்தத்தையும் மழிச்சுட்டு வந்து நிக்குது. ‘சொன்னதக் குடுக்கணுமில்ல’ன்னுட்டு எனக்குச் சோறு போடுது. திட்டவும் முடியல, கும்புடவும் முடியல.”

சிநேகிதர் அவருடைய சுருட்டை முடியை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்.

“இப்ப எங்க போற?”

“ஜவளகிரிக்குத்தான். அந்தம்மாவுக்கு முடி வளந்துச்சான்னு பாக்க வேணாமா?”